எல்லையம்மாவின் எடை

மொதல்ல ஒண்ணு சொல்லிடறன். அந்த கிராக்கு, இரும்பு வெடிச்சிதே, அது என் வெல்டிங்குல வரல. பொக்லைனுக்குப் பெரிய கை ஒண்ணு இருக்குதே, பூம்முன்னு சொல்லுவோம், அதோட அடிவயித்துல வந்துச்சி. என் வெல்டிங்கு அதுக்கு ஒரு ஜாண் தள்ளி. ஒரு ஜாண் தள்ளி இருக்கறவன் மேல பழியப் போட்டா எவனுக்குத்தான் கோவம் வராது, நீங்களே சொல்லுங்க.

கள்ளக்குறிச்சியில கச்சிராயபாளையம் ரோட்டு மேல என் பட்டறை. நவுஷாத் வெல்டிங்குன்னா கரும்பு லோடு அடிக்கிற டிராக்டர்காரன்லேர்ந்து புதுசா வூடு கட்டி இரும்பு கேட்டு வெக்கறவன் வரைக்கும் தெரியும். ஐப்பசி மழை வுடாம ஊத்திகினு இருந்த நேரம். டிரைலர்ல ஏத்தினு வந்து அந்த மெஷின என் வாசல்ல எறக்கிட்டாங்க. கைய மடக்கி பக்கெட்டத் தரையில ஊனிகினு, மழையில நனைஞ்சிகினு நின்னுச்சி. மெஷினு ஜான் பாஷாவோடது. ஜான் பாஷா என் சம்சாரம் சப்ரினுக்குக் கூடப் பொறந்த அண்ணன். அத்தினால எனக்கு ரெண்டு பக்கமும் இடி. பட்டறையில அவரு கேப்பாரு, வூட்டுல சோறு போடும்போது இவ கேப்பா.

"எங்கண்ணன் மெஷின்ல கண்டதையும் ஒட்டுனீங்களே, இப்ப பாத்தீங்களா?"

கண்டதையும்னு அவ சொல்றது கோகிலாவோட ஒயருங்கள.

கோகிலவாணி அந்த மெஷின ஓட்டற வீரமணிக்குத் தங்கச்சி. வடக்கனந்தல் காலனி. அப்பன் இல்ல. அம்மா காசியம்மா கரும்பு வெட்டு, மரவள்ளி புடுங்கறதுன்னு கூலிக்குப் போயி வளத்துச்சி. வீரமணி பள்ளிக்கூடத்த வுட்டுட்டு ஜான் பாஷாகிட்ட கிளீனரா சேந்தான். மெஷினு மூட்டுல இருக்கற பின்னுக்கு கிரீஸ் அடிச்சே கையி கருத்துப் போயி, அப்புறம் ஆபரேட்டர் ஆனான். அந்தக் கூலியிலதான் தங்கச்சி எஞ்சினீரிங் முடிச்சிது. அதுக்கு மேலயும் ஆராய்ச்சி படிக்குது. எது மேல ஆராய்ச்சின்னு கேட்டா, அண்ணன் ஓட்டற மெஷின் மேலயே.

ஒரு நாளு பட்டறைக்கு வந்து, கிளாம்பு வெச்சித் தாங்க அண்ணேன்னு நின்னுச்சி. எதுக்கு எம்மான்னு கேட்டன்.

"ஒரு கொடத்த இடுப்புல வெச்சிகினா கனம் தெரியாதில்ல? அதே கொடத்த கைய நீட்டிப் புடிச்சா தோள்பட்ட வுட்டுப்பூடும். கொடம் அதேதான், தண்ணி அதேதான்."

"ஆமா."

"அப்போ கையி எவ்ளோ நீண்டுகினு இருக்குது, தோளு எவ்ளோ நோவுது, இந்த ரெண்டும் தெரிஞ்சா கொடத்துல எவ்ளோ தண்ணி இருக்குதுன்னு பாக்காமலே கணக்குப் போட்டுச் சொல்லிடலாமா இல்லியா?"

"சொல்லலாம்."

"அதான் அண்ணே நான் படிக்கிறது. மெஷினுக்குத் தோளு நோவறது சிலிண்டர் எண்ணெயில தெரியும். எண்ணெய் எவ்ளோ முக்கிகினு இருக்குதுன்னு ஒரு சென்சாரு சொல்லும். கை எவ்ளோ மடங்கியிருக்குதுன்னு மூட்டுக்கு மூட்டு ஒரு சென்சாரு. இதெல்லாம் சேந்து சீட்டுக்குப் பின்னாடி ஒரு பொட்டிக்கு வரும். மிச்சம் கணக்கு."

நல்ல கணக்குன்னுதான் எனக்கும் பட்டுச்சி. பூம் மேல, நோவாத எடமாப் பாத்து, ஒயரும் சென்சாரும் நிக்கறதுக்கு சின்னச் சின்னதா கிளாம்பு ஒட்டிக் குடுத்தன். இப்பவும் சொல்றன், ஒரு ஜாண் தள்ளி.

ஆனா அந்தக் கணக்கு சொன்ன பேச்சு கேக்கல. ரிஷிவந்தியம் பக்கம் ஏரி தூர் வாருனாங்க. ஒவ்வொரு லாரியும் எடை போடற வே பிரிட்ஜுல ஏறி எறங்கும். பக்கெட்டு பக்கெட்டா இது பொட்டியில கூட்டி வெச்சிருக்கும். ரெண்டும் ஒத்தே வராது. காலையில எண்ணெய் ஆறிக் கெடந்தா ஒரு எடை, வெயில் ஏறி எண்ணெய் சூடானா வேற எடை. களிமண்ணு பக்கெட்டுலயே அப்பிகினு திரும்பி வந்தா, அது ஒரு ரோதனை. மெஷின வெடுக்குனு திருப்பினா ஜாஸ்தி காட்டும், நெதானமா திருப்பினா கம்மி காட்டும். ஏரிக்கரையில முள்ளு மரத்தடியில லேப்டாப்ப மடியில வெச்சிகினு குந்திகினு பேனா மூடியக் கடிச்சிகினே இருக்கும். மேல கேபின்லேர்ந்து வீரமணி தலைய நீட்டுவான்.

"இன்னா டாக்டரம்மா, இன்னிக்காவது ஒத்து வந்துச்சா?"

"ஒன் வேலயப் பாரு."

"என் வேலதானே அது. நான் அள்ளறன், நீ தப்புத் தப்பா எண்ணற."

கிண்டல்தான். தங்கச்சின்னா உசுரு அவனுக்கு. ஆனா கிண்டல எத்தினி மாசம் தாங்க முடியும்? ஒவ்வொரு தப்புக்கும் ஒரு திருத்தம் போட்டுச்சி அந்தப் பொண்ணு. எண்ணெய் சூட்டுக்கு ஒண்ணு, ஒட்டுமண்ணுக்கு ஒண்ணு, திருப்பற வேகத்துக்கு ஒண்ணு. மெதுமெதுவா பொட்டியும் வே பிரிட்ஜும் கிட்டக்க வந்துகினு இருந்துச்சி. இன்னும் கொஞ்சம்தான் அண்ணேன்னு என்கிட்ட வந்து சொல்லிட்டுப் போச்சி. அந்த நேரம் பாத்து மெஷினு கல்வராயன் மலைக்கு ஏறிடுச்சி.

வெள்ளிமலைக்கும் அப்பால, உள்ள ஒரு சின்ன ஊரு. அதுக்கு ரோடு போட்டாங்க. கோகிலாவுக்குக் காலேஜுல வேல, அது போகல. பொட்டி மட்டும் தானா பதிஞ்சிகினு இருந்துச்சி. மெஷினு எறங்கி வந்தப்போ கிராக்கோட வந்துச்சி.

ஜான் பாஷா குடையப் புடிச்சிகினு கிராக்குக்குக் கீழ குனிஞ்சி நின்னாரு. வெரல வெச்சித் தடவினாரு.

"மச்சான், இது எப்டி வந்துச்சி?"

"லோடு ஜாஸ்தி. வேற எப்டி வரும்?"

"நீ ஒட்டுன சூட்டுல வரலையே?"

"மச்சான், எங்க ஒட்டியிருக்கன், எங்க வெடிச்சிருக்குது, கண்ணால பாருங்க."

"பாத்தன். கிராக்கு உன் கிளாம்பப் பாத்துதான் ஏறியிருக்குது." அவரு வீரமணிய கூப்ட்டாரு. "வீரா, மலை மேல இன்னா தூக்கன?"

"மண்ணுதான் அள்ளனன் மொதலாளி."

"மண்ணு மட்டும்தானா?"

"மண்ணுதான்."

கோகிலா லேப்டாப்பத் தொறந்து வெச்சிருந்துச்சி. அதுல கோடு கோடா ஓடுது. ஏறுது எறங்குது, ஏறுது எறங்குது. அள்ளறதும் கொட்டறதும். ஒரே ஒரு எடத்துல மட்டும் கோடு ஏறி, அப்டியே படுத்துக்கிச்சி. கைய முழுசா நீட்டிகினு, மூணே முக்கா டன்னு. அசையாம ரொம்ப நேரம் நின்னுருக்குது. மண்ணு அள்ளுனா அதுல பாதி கூட வராது.

"இது இன்னாம்மா?" ஜான் பாஷா கேட்டாரு.

அது அண்ணனப் பாத்துச்சி. அண்ணன் மழையப் பாத்தான்.

"உன் பொட்டி என்னிக்கி சரியா காட்டுச்சி? எப்பவும் போல தப்பா காட்டியிருக்கும்" ன்னான்.

ஜான் பாஷா கெட்டவரு இல்ல, அத்தயும் சொல்லிடறன். முன்ன ஒரு ஆபரேட்டரு மெஷினத் தனி வேலைக்கு வுட்டு, சிலிண்டர ஒடச்சிட்டு, எனக்கொண்ணும் தெரியாதுன்னு சாதிச்சிட்டான். அந்த எரிச்சல் அவருக்கு இன்னும் ஆறல.

"ஒடைக்கறது தப்பில்ல வீரா. வேல செய்யறவன்தான் ஒடைப்பான். ஒடச்சிட்டு மறைக்கறவன் கையில நான் சாவி குடுக்க மாட்டன். உனக்கும் அதுதான்." அப்புறம் கோகிலா பக்கம் திரும்புனாரு. "உன் கணக்கு சரின்னா உங்கண்ணன் பொய் சொல்றான், அவன் சீட்ட வுட்டு எறங்கணும். உன் கணக்கு தப்புன்னா, ஒயருக்கு கிளாம்பு ஒட்டுன சூட்டுலதான் இரும்பு வெடிச்சிருக்குது, எல்லாத்தையும் கழட்டினு போயிடு. சரியா தப்பா, நல்லாப் பாத்துட்டு நீயே சொல்லு."

நல்லா மாட்டுச்சி பொண்ணு. ஒண்ணு அண்ணன் சீட்டு, இல்ல தன் படிப்பு. அந்த மெஷின்ல எடுத்த பதிவுங்கதான் அது படிப்பே. வேற எவன் தன் மெஷின்ல ஒயரு ஒட்ட வுடுவான்?

அதுக்கப்புறம் அது பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காலையில பட்டறைக்கு வந்துடும். சென்சார ஒவ்வொண்ணாக் கழட்டி, நான் காத்தடிக்கிற கம்ப்ரஸர் மீட்டர வெச்சிப் புடிக்க, சரியா காட்டுதான்னு பாக்கும். எல்லாம் சரியாத்தான் காட்டும். தெரிஞ்ச எடை ஒண்ணத் தூக்கிப் பாத்தா ஒரு நிமிசத்துல முடிஞ்சிடும். ஆனா கிராக்கு வுட்ட பூம்ம எப்டித் தூக்கறது? அத்தினால காயிதத்துலயே கணக்க முன்னப் பின்ன போட்டுகினு இருந்துச்சி. அதுக்குச் சொல்லிக் குடுக்குற வாத்தியாரு போன்ல, அந்த ஒரு எடத்த எடுத்து எறிஞ்சிட்டு மத்தத வெச்சி எழுதும்மான்னாரு.

"எப்டி சார் எறியறது? அங்கதானே கிராக்கு வந்துருக்குது?" ன்னு கேட்டுட்டு போன வெச்சிட்டுச்சி.

ஒரு சாயங்காலம் மழையில பஸ்ஸு நின்னுடுச்சி. நான்தான் வண்டியில வடக்கனந்தல் கொண்டு போயி வுட்டன். காசியம்மா வுடல. கேழ்வரகுக் களியக் கிண்டி, நெத்திலிக் கருவாட்டுக் கொழம்ப ஊத்தி, துன்னுட்டுப் போ பாயின்னு குந்த வெச்சிடுச்சி. தகரக் கூரையில மழை சத்தம், பேசறது பாதி கேக்கல. வீரமணி செவுத்தோரம் குந்தி துன்னுகினு இருந்தான். கோகிலா தட்டத் தொடவே இல்ல.

"அண்ணா, அன்னிக்கி இன்னா தூக்கன?"

"மண்ணு."

"மண்ணு அந்தரத்துல அவ்ளோ நேரம் நிக்குமா?"

"எம்மா, இத்தச் சும்மா துன்னச் சொல்லு."

"ஏண்டா, அதுதான் கேக்குதில்ல, சொல்லேன்" ன்னுச்சி காசியம்மா.

"இன்னாத்தச் சொல்லச் சொல்ற? மண்ணுன்னு சொல்லிகினேதானே இருக்கறன்."

"அப்ப என் கணக்கு தப்பு."

"தப்புதான்."

"எங்க தப்பு, சொல்லு."

"எனக்கு இன்னா தெரியும்? நீதானே படிச்சவ."

"நீ ஒரு வார்த்த நெசத்தச் சொன்னா, தப்பா சரியான்னு இன்னிக்கே தெரிஞ்சிடும். நீ பொய் சொன்னா, நான் இல்லாத தப்ப எங்க போயித் தேடுவன்? எல்லாத் திருத்தத்தையும் பிச்சிப் போட்டுட்டன். நல்லா இருந்ததையும் கலைச்சிட்டன். தலையே வெடிக்குது எனக்கு."

"வெடிச்சா வுட்டுடு. உன்ன யாரு இந்தப் படிப்பப் படிக்கச் சொன்னது?"

"நீதான் சொன்ன."

அவன் களி உருண்டையத் தட்டுல வெச்சிட்டு எழுந்து மழையில போயிட்டான். காசியம்மா தட்டப் பாத்துகினே குந்தியிருந்துச்சி. எனக்கு வந்த ஆத்தரத்துக்கு அவன் சட்டையப் புடிச்சி உலுக்கியிருப்பன். ரெண்டு பேருக்கும் நடுவுல என் வெல்டிங்கு வேற தொங்கிகினு இருக்குது, அத்த யாரு கேட்டா?

வாசல்ல வண்டிய எடுக்கும்போது கோகிலா வந்து நின்னுச்சி. "அண்ணே, அந்த எடத்தப் போயிப் பாக்கணும். ஜான் பாஷா பாய்கிட்ட சொல்லுங்க."

மழை வுட்டதும் ஜான் பாஷா ஜீப்புலயே போனோம். அவரு, நானு, கோகிலா. பின் சீட்டுல வீரமணி, வாயில கொழுக்கட்டைய வெச்சிகினு. மலையில ஏற ஏற பனிமூட்டம். சாமைக் கொல்லையெல்லாம் நனைஞ்சி தலைய சாச்சிகினு கெடந்துச்சி. புது மண்ணு ரோடு செக்கச் செவேர்னு ஊரு வரைக்கும் போச்சி. ஊருக்கு முன்னால பாலம் கட்டறதுக்கு ஒரு பள்ளம் எடுத்துருந்தாங்க. பள்ளத்துக்கு அந்தாண்ட மேட்டுல ஒரு கல்லு. ஆளு ஒசரம், பீரோ கணக்கா. மஞ்சளு பூசி, செவப்புத் துணி சுத்தி, பூ கூட வாடல. பள்ளத்துக்கு இந்தாண்ட, நடு ரோட்டுல, ஒரு குழிய மூடுன தடம்.

தண்ணி சொம்போட ஒரு அம்மா வந்துச்சி. பேரு ஆண்டாளாம். ஜான் பாஷா சொம்ப வாங்கிகினே கேட்டாரு.

"அந்தக் கல்லு எப்பவும் அங்கதான் இருக்குதாம்மா?"

"இல்லிங்க. இங்க இருந்தா. ரோடு வந்துதுங்களா, அங்க போயிட்டா."

"யாரு தூக்கினு போனாங்க?"

"யாரும் தூக்கலிங்க. அவளே போனா."

"கல்லு எப்டிம்மா தானாப் போவும்?"

"நீங்க கல்லுன்றீங்க. அவ எல்லையம்மாங்க."

ஜான் பாஷா என்னப் பாத்தாரு. அதுக்குள்ள காண்டிராக்டர் போன் வந்து, சிக்னல் கெடைக்கிற எடந்தேடி அவரு மேட்டுப் பக்கம் போயிட்டாரு. வீரமணி ஜீப்ப வுட்டு எறங்கவே இல்ல.

கோகிலா அந்த அம்மா பக்கத்துல போயி குந்துச்சி. "ஏங்கா, எல்லையம்மா எப்டிப் போனா?"

பொம்பளையும் பொம்பளையும்னதும் அந்த அம்மா கொஞ்சம் எளகுச்சி.

"அவ மேல கை படக் கூடாது கண்ணு. மனுச கை பட்டா ஊருக்கு ஆவாது. அதனாலயே ரோடு எத்தினியோ வருசமா வராமப் போச்சி. மனுச கையி இல்லாத ஒண்ணு வந்துச்சி இந்த வாட்டி, பெரிய இரும்புக் கையி. அவ அதுல ஏறிக் குந்திகினா. ஏறிட்டா வழியில எறக்கக் கூடாது. பள்ளத்துக்கு மேலாக நீட்டுனாங்க. பூசாரிக்கு உத்தரவு வரல. பொங்கலு பொங்கி, சேவல அறுத்து, உத்தரவு வர்ற வரைக்கும் அந்தரத்துலயே நின்னா. ஆடல, அசையல. பின்னாடி சக்கரத்துச் செயினு கூட மண்ண வுட்டு எழும்பிச்சி. பாத்தவங்க அத்தினி பேரும் அழுதுட்டோம்."

"ஏந்துனவரு அத்த யாருகிட்டயும் சொல்லக் கூடாதா?"

"நான்தான் ஏந்தனன்னு அவன் வாயால சொல்லிட்டா, அவ இங்க தங்க மாட்டா. அவன் பின்னாடியே கெளம்பிடுவா. அப்புறம் எங்களுக்கு எல்லை ஏது? மலை மேல சத்தியம் வாங்கிகினுதான் வுட்டோம்." அந்த அம்மா ஜீப்பு பக்கம் பாக்காமத்தான் சொல்லுச்சி.

கோகிலா எழுந்து போயி அந்தக் கல்லு முன்னால நின்னுச்சி. செருப்ப அவுத்து வெச்சிட்டு, தொடாம ஒரு சுத்து சுத்தி வந்துச்சி. ஒசரத்தக் கண்ணால அளந்துச்சி, அகலத்துக்குக் காத்துல ஜாண் போட்டுச்சி. ஒதடு மொணமொணன்னுச்சி. கருங்கல்லுக்கு இவ்ளோ கனம், இத்தால பெருக்கு, அடியில மண்ணுக்குள்ள இவ்ளோ போவும். நான் பக்கத்துல போனன். திரும்புன மூஞ்சியப் பாக்கணுமே நீங்க. இத்தினி மாசத்துல நான் பாக்காத சிரிப்பு.

"சரியா வருது அண்ணே. மூணே முக்கா. கண்ணால அளந்ததுலயே ஒத்து வருது. நான் போட்ட திருத்தம் எல்லாமே சரி." கண்ணுல தண்ணி தளும்புது, சிரிக்குது. "சரியா இருந்துருக்குது அண்ணே. நான்தான் தப்பு தப்புன்னு பிச்சிப் போட்டுகினு இருந்தன்."

ஜான் பாஷா மேட்டுலேர்ந்து எறங்கி வந்தாரு. கல்லப் பாத்தாரு, மூடுன குழியப் பாத்தாரு, ஜீப்பப் பாத்தாரு. அவரு ஒண்ணும் மடையன் இல்ல. ஆனா கண்ணால பாக்காதத ஒருத்தன் மேல சாட்ட மாட்டாரு. அது அவரோட கொணம்.

"பாத்துட்டியாம்மா? இப்ப சொல்லு. உன் கணக்கு சரியா, தப்பா?"

அந்தப் பொண்ணு அண்ணனப் பாத்துச்சி. அவன் ஜீப்புக்குள்ள தலையக் குனிஞ்சிகினு குந்தியிருந்தான். அப்புறம் ஆண்டாள பாத்துச்சி. கடைசியா என்னப் பாத்துச்சி, வாயத் தொறந்துடாதீங்கன்றாப்ல.

"தப்பு பாய்."

"இன்னா?"

"கணக்கு தப்பு. ஆரம்பத்துலேர்ந்தே தப்பாதான் வந்துகினு இருந்துச்சி. அந்த நம்பர நம்பாதீங்க."

"நல்லா யோசிச்சிதான் சொல்றியா?"

"யோசிச்சிதான் சொல்றன்."

"அப்ப இத்தினி மாசம் என் மெஷின்ல இன்னாம்மா வெளாட்டு உனக்கு?"

ஜான் பாஷா என் பக்கம் திரும்புனாரு. "மச்சான், அப்ப உன் சூடுதான். நீயே ஒட்டிக் குடு. ஒயரு ஒண்ணு இருக்கக் கூடாது, கிளாம்பு ஒண்ணு இருக்கக் கூடாது."

என் தொண்ட வரைக்கும் வந்துச்சிங்க. கல்லு தோ நிக்குது, வாயத் தொறந்தா நான் தப்பிச்சன். ஆனா நான் தொறந்தா அவன் சீட்டு போவுது, இந்தப் பொண்ணு சொன்ன பொய்யும் வீணாப் போவுது. முழுங்கிகினன். ஜீப்பு மலையெறங்குற வரைக்கும் எனக்கு எவன் மேல கோவப்படறதுன்னே தெரியல. பொய் சொன்ன அண்ணன் மேலயா, பொய் சொன்ன தங்கச்சி மேலயா, உத்தரவு குடுக்க அவ்ளோ நேரம் எடுத்துகின பூசாரி மேலயா?

மறுநாளு பட்டறையில ஒயரு கழட்டற வேல. கோகிலா பூம் மேல ஏறி சென்சார ஒவ்வொண்ணா அவுத்து, துணியில தொடச்சி, அட்டப் பொட்டியில வெச்சிகினு இருந்துச்சி. வீரமணி கீழ நின்னு ஒயரச் சுருட்டுனான். ஜான் பாஷா வந்து பாத்துட்டு, டீ சொல்லிட்டுப் போயிட்டாரு. நான் கிராக்க நோண்டித் தொறந்துகினு இருந்தன்.

கடைசி ஒயரு அவன் கையில வந்ததும் மெதுவாக் கேட்டான்.

"எவ்ளோ காட்டுச்சின்ன?"

"மூணே முக்கா."

அவன் ஒயர முழங்கையில சுத்திகினே இருந்தான். சுத்தி முடிச்சி, நுனியச் சொருவினான்.

"எழுதிக்கோ" ன்னான். "சரியாத்தான் இருக்குது."

கோகிலா மேலேர்ந்து அவன ஒரு பார்வ பாத்துச்சி. கையில இருந்த ஸ்பேனர வீசிடும்னே நெனச்சன். வீசல.

"எங்க எழுதுவன்? தப்புன்னு என் வாயாலயே சொல்லிட்டனே."

அவன் சுருட்டுன ஒயர நீட்டிகினே நின்னான். அது வாங்கிக்கல. கீழ எறங்கி, அட்டப் பொட்டிய எடுத்துகினு, மழத் தண்ணிய மிதிச்சிகினு பஸ் ஸ்டாண்டு பக்கமா நடந்து போச்சி. ஒயரு அவன் கையிலயே இருந்துச்சி. போயி குடுடான்னன். அவன் காலு நவுரல.

மிச்சம் என் கிளாம்புங்க. கிரைண்டரப் போட்டன். கல்லு தேஞ்சி, வேற கல்லு மாட்டி, அதுவும் தேஞ்சிடுச்சி. சாப்பாட்டு நேரம் தாண்டியும் கடைசி கிளாம்பு எறங்கல. நான் வெச்ச வெல்டிங்கு அது, அவ்ளோ சீக்கிரம் வுடாது.